பதில் எழுத வேண்டாம் என்ற இடைத்தரகரை நம்பி 60 நாட்களை இழந்தோம்

வீட்டை அடமானம் வைத்து என் தந்தை வாங்கிய தொழில் கடனில் தவணைகள் 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனதால், வங்கி அதை வாராக்கடனாக அறிவித்தது. முழு நிலுவையையும் 60 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் வீட்டைச் சுவாதீனம் எடுப்போம் என்று, நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் 13(2) பிரிவின்படி பதிவுத் தபாலில் அறிவிப்பு வந்தது. வங்கி வழக்குகளை முடித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், "பதில் எழுதினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கித் தருகிறேன்" என்று கூறி, ரசீது தராமல் 40,000 ரூபாய் பெற்றுக்கொண்டார்.

அவர் சொன்ன இரண்டுமே தவறு என்பது எங்களுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. அறிவிப்புக்கு நாம் ஆட்சேபணை எழுதினால், வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்க இயலாவிட்டால் 15 நாட்களுக்குள் காரணத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 13(3ஏ) பிரிவு. நாங்கள் கட்டிய இரண்டு தவணைகள் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. ரசீதுகள் பீரோவிலேயே இருந்தன. அவற்றின் நகல்களை இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால், அந்தத் தொகைக்கு வங்கி எழுத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் அவர் எங்களிடமிருந்து பறித்தார். பணம் போனதைவிட இதுவே இன்றும் வலிக்கிறது.

உரிமையியல் வழக்கோ, இதில் உரிமையியல் நீதிமன்றம் தலையிட முடியாது என்னும் அதே சட்டத்தின் 34ஆம் பிரிவைக் காட்டி வங்கி எதிர்த்ததும் நிற்கவில்லை. அதற்குள் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களிலும் வெளியிட்டுவிட்டார்கள். அதைக் கண்ட என் தாயார் பல நாட்கள் வாசலுக்கே வரவில்லை. இடைத்தரகர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு நாங்கள் அணுகிய வழக்கறிஞர், சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாட்களுக்குள் 17ஆம் பிரிவின்படி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும் என்றார். எங்களுக்கு மிஞ்சியிருந்தவை 12 நாட்கள். மனுவைத் தாக்கல் செய்துவிட்டோம், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

இப்படியொரு அறிவிப்பு உங்கள் கையில் இருந்தால், முதலில் அதிலுள்ள தேதியைப் பாருங்கள். 60 நாட்கள் அதிலிருந்தே ஓடுகின்றன. கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி, ரசீதுகளோடு ஒப்பிட்டு, பிழைகளைத் தொகையோடு குறிப்பிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். அடமானச் சொத்து விவசாய நிலமாக இருந்தால் 31ஆம் பிரிவு அதற்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்களிக்கிறது என்பதையும் அதில் எழுதுங்கள். தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை நேரில் பார்த்து, கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள்.