ஒரே பெரிய பூட்டா, பல சின்னப் பூட்டுகளா?

புறக்கோட்டையில் இருபது கொம்பியூட்டர் வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரக் கடை, பாதுகாப்புக்கென்று கொஞ்சம் காசு ஒதுக்குகிறது. முழுவதையும் ஒரு நல்ல பயர்வோலில் (கடையின் கொம்பியூட்டர்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல் கருவி) போடுவதா, பெக்கப், அப்டேட் என்று பல பாதுகாப்பு அடுக்குகளுக்குப் பிரித்துச் செலவழிப்பதா?

பயர்வோலில் வசதி உண்டு. பொருத்தித் தர ஆள் இருக்கிறார், பிரச்சினை என்றால் கூப்பிடவும் அவரே. வெளியிலிருந்து துளாவுகிறவர்களை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் களவு போன கடவுச்சொல்லோடு வருகிறவனை அது வீட்டுக்காரன் என்றே நினைக்கும். 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள்: வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் வர உதவும் பழைய விபிஎன் கணக்கு ஒன்று, கடவுச்சொல் மட்டும், அதற்கு மேல் ஒரு குறியீடு கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. அந்த இரண்டாவது அடுக்கைப் போடப் பெரிதாகக் காசே தேவையில்லை, கைத்தொலைபேசியில் ஒரு செயலி போதும்.

அப்டேட்டும் அப்படித்தான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாகிரை என்ற தீநிரல் 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது.

ஆனால் நான் முதலில் கேட்பது பெக்கப்பைத்தான், அதாவது தரவின் மறுபிரதியை. 2023இல் நம் இலங்கை அரச மின்னஞ்சல் சேவையை அதே மாதிரியான ஒரு பூட்டும் தீநிரல் (ரான்சம்வெயார்) தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயே போய்விட்டன. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது, கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

நான் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு கடையிலும் அதே நிலைமைதான். சேர்வருக்குப் பின்னால் ஹார்ட் டிஸ்க் ஒன்று நீல விளக்கு மினுங்க எந்நேரமும் செருகியே கிடந்தது. "ஒவ்வொரு நாளும் பெக்கப் எடுக்கிறன் அண்ணா" என்றார் அங்கிருந்த தம்பி. எடுத்தார்தான். ஆனால் சேர்வர் பூட்டுப்பட்டால் அந்த டிஸ்க்கும் அதே நிமிடத்தில் பூட்டுப்படும்.

அடுக்குகளுக்கும் ஒரு குறை உண்டு: ஆள் வேண்டும். எச்சரிக்கை வந்தால் பார்க்க, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூட, ஒருவர் பொறுப்பாக இல்லையென்றால் எத்தனை அடுக்கு இருந்தும் வீண். அப்படி ஒருவர் கிடைத்தால் என் ஓட்டு அடுக்குகளுக்கே. முதலில் பெக்கப், அப்புறம் இரண்டாவது சரிபார்ப்பு, அடுத்து அப்டேட். விலை கூடிய பயர்வோல் மிச்சக் காசுக்கு; அதுவரை சாதாரணமான ஒன்று போதும்.

அந்தத் தம்பியிடம் இப்போது குறியாக்கம் செய்த (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத) இரண்டு டிஸ்க் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஒன்றைக் கழற்றிக் கொடுக்க, முதலாளி அதை வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவதொரு பில்லை மீட்டுத் திறந்து பார்க்கிறார்கள்.