காயவிடுவதா, மூடிவைப்பதா? கத்தி வெட்டும் புதுப் பச்சையும்

ஆனி மழைக்கு நடுவே, ஒரே வாரத்தில், என் அண்ணன் வீட்டில் இரண்டு காயங்கள். அண்ணன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழைக்காக மரத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டுப் பட்டையைச் சீவும்போது கத்தி வழுக்கி, இடது பெருவிரலின் அடியில் ஓர் அங்குல நீளத்துக்குக் கீறிவிட்டது. அவருடைய மகன் நாகர்கோவிலுக்குப் போய் முன்கையில் ஒற்றைப் பனையைப் பச்சை குத்திக்கொண்டு வந்தான். தகப்பன் காயத்தில் மஞ்சளை அப்பிக் காற்றாட விட்டிருந்தார். மகன் பச்சையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை இரண்டாம் நாளும் அவிழ்க்காமல் வைத்திருந்தான்.

"நீயே சொல் மக்களே, யார் செய்தது சரி?" என்றார் அண்ணன்.

தக்கலைப் பக்கம் ஒரு சிறு மருத்துவமனையில் 22 ஆண்டுகள் காயங்களுக்குக் கட்டுப் போட்டவள் நான். இருவர் செய்ததும் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

புதுப் பச்சையும் காயம்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டாட்டூ ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, மேல்தோலைக் கடந்து, அதற்கு அடுத்த அடுக்கில் மையைக் கொண்டுபோய் வைக்கிறது. உடம்பின் காவல் அணுக்கள் ஓடிவந்து அந்த மையை விழுங்கிக்கொள்கின்றன. அவை மடியும்போது சிந்தும் மையைப் பிறகு வரும் அணுக்கள் விழுங்குகின்றன. 2018-ல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். படம் அழியாமல் நிற்பது உள்ளே நடக்கும் இந்தக் கைமாற்றத்தால். மேல்தோலோ, எந்தச் சிராய்ப்பையும்போல வளர்ந்து மூட வேண்டும். ஆகவே தகப்பனுக்கும் மகனுக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றே.

காற்றாட விடுவதும் மூடிவைப்பதும்

"காயம் காய வேண்டும், அதனால்தான் அதற்குக் காயம் என்று பெயர்" என்று அண்ணன் வாதாடினார். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்புவது இதைத்தான். ஆனால் 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டன் ஆய்வாளர் பன்றிக் குட்டிகளின் தோலில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டார். பாலித்தீன் படலத்தால் மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. காரணம் எளிது. காய்ந்து இறுகிய பொருக்குக்கு அடியில் புதிய அணுக்கள் ஈரமான இடம் தேடித் துளைத்துக்கொண்டு நகர வேண்டும். ஈரமாகவே இருக்கும் காயத்தில் அவை மேற்பரப்பில் நேராக நகர்ந்துவிடுகின்றன.

மூடுவதுதான் நல்லது என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முடிக்க முடியாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மண் இது. மீதி நாட்களில் வியர்வை. ஈரப்பதம் வேறு, ஊறல் வேறு என்ற ஒரு வேறுபாட்டைத்தான் நான் எல்லாரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். மகனின் கையில் இருந்த தாளை அவிழ்த்தபோது உள்ளே மையும் நிணநீரும் வியர்வையும் கலந்து கறுப்புத் தண்ணீராகத் தேங்கி நின்றன. சுற்றியிருந்த நல்ல தோல், நெடுநேரம் துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. அப்படி ஊறிய தோல் காவல் இழந்த தோல். கிருமி எளிதாக நுழையும். சமையலறைப் பிளாஸ்டிக் தாள் காற்றை விடாது, நீராவியையும் விடாது. கடையிலிருந்து வீடு வந்து சேரும் சில மணி நேரத்துக்குத்தான் அது உதவும்.

அண்ணனின் காயத்துக்கு மெல்லிய வாசலின் பூச்சு, மேலே சுத்தமான காஸ் துணி, அதைப் பிடித்துக்கொள்ளப் பிளாஸ்டர். தினம் ஒருமுறை மாற்ற வேண்டும், நனைந்தால் அப்போதே மாற்ற வேண்டும். மழையில் வேலை செய்கிறவர் மேலே ஒரு ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

எதால் கழுவுவது

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஓடும் நல்ல தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். சிறு காயங்களைக் குடிநீரால் கழுவினாலும் உப்பு நீரால் கழுவினாலும் தொற்றில் வேறுபாடு தெரியவில்லை என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வந்த முடிவு. கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறவைத்துக்கொள்ளலாம்.

நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியை மட்டும் கொல்வதில்லை. தோலைக் கட்டி எழுப்ப வந்த அணுக்களையும் கொல்கின்றன. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கையால் குழந்தைகள் அலறியதை நிறையப் பார்த்துவிட்டேன். பொவிடோன் அயோடின் இவ்வளவு மோசமில்லை. மண்ணும் சேறும் பட்ட காயத்தில் முதல் நாள் ஒருமுறை போடலாம். தினமும் வேண்டாம், பச்சைக்கு வேண்டவே வேண்டாம்.

பூசுவதில்தான் சண்டை

மஞ்சளிலிருந்து தொடங்குகிறேன், அதற்கு ஒரு வழக்கே உண்டு. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் பாட்டிமார் அறிந்தது என்று நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களை எடுத்துக்கொண்டு போராடி 1997-ல் அதை ரத்துசெய்ய வைத்தது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த வெற்றி சொன்னது, இந்த அறிவு புதியதல்ல என்பதைத்தான். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள் கிருமியற்றது என்று அது சொல்லவில்லை. தூள் காயத்தில் கட்டிதட்டுகிறது, அடியில் சீழ் பிடித்தாலும் தெரிவதில்லை. முக்கியமாக, அதன் நிறம் சிவப்பை மறைத்துவிடுகிறது. அண்ணன் காயத்திலிருந்து மஞ்சளைக் கழுவி எடுக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

தேங்காய் எண்ணெயின் மேல் எனக்கு அன்பு உண்டு. பக்கத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தில், தேங்காய்ப் பாலிலிருந்து எடுக்கும் உருக்கு எண்ணெயை எலிகளின் காயத்தில் பூசிப் பார்த்து, நன்றாக ஆறியது என்று 2010-ல் எழுதினார்கள். எலி எலிதான் என்றாலும் நல்ல செய்தி. அதன் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உருகுகிறது. நம் ஊரில் எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும். பூசிய அரை மணி நேரத்தில் சட்டைக் கையில் இருக்கும், காயத்தில் இருக்காது. வாசலின் உடம்புச் சூட்டில் ஓடாது, ஈரத்தைப் பூட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். திறந்த காயத்துக்கு வாசலின், தோல் மூடியபின் வரும் வறட்சிக்கும் அரிப்புக்கும் தேங்காய் எண்ணெய் என்று நான் பிரித்துக்கொள்வேன். வீட்டில் எல்லார் விரலும் பட்ட பெரிய டப்பாவை எடுக்காமல், புதிய சிறு டியூப் வாங்குங்கள்.

பிறகு ஆன்டிபயாடிக் களிம்பு. எல்லாருக்கும் ஆச்சரியம் தருவது இதுதான். 1996-ல் அமெரிக்காவில் சிறு தோல் அறுவை செய்துகொண்ட 922 பேரில் பாதிப் பேருக்கு வெறும் வாசலின் வகை, பாதிப் பேருக்கு பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று முதல் பக்கம் 2 சதவீதம், மறுபக்கம் 0.9 சதவீதம். கணக்குப்படி அது உறுதியான வேறுபாடு இல்லை. ஒவ்வாமை களிம்புப் பக்கம் நான்கு பேருக்கு வந்தது, வாசலின் பக்கம் ஒருவருக்கும் வரவில்லை. அவை சுத்தமான அறையில் கத்தி வைத்த காயங்கள், நம் தோட்டத்துக் காயங்கள் அப்படி அல்ல என்று நீங்கள் கேட்டால் நியாயம். அந்த அழுக்கைப் போக்குவது கழுவுதல்தான். களிம்பு அதற்கு ஈடாகாது. நியோமைசின் கலந்த களிம்பும் பவுடரும் சிலருக்கு அரிப்பும் சிவந்த பருக்களும் கிளப்பும். காயம் முற்றுகிறது என்று பயந்து அதையே இன்னும் அதிகமாகப் பூசிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் தேனைச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். தீக்காயங்களில் தேன் நல்ல பலன் தந்திருப்பது உண்மை. ஆனால் மருத்துவத்துக்கென்று கிருமி நீக்கிய தேன் வேறு, போத்தல் தேன் வேறு. போத்தல் தேனில் கிருமி வித்துகள் இருக்கக்கூடும். அதைச் சுக்குக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கேட்ட பச்சை நிற எண்ணெயான மத்தன் தைலம், ஊமத்தை இலைச்சாறும் துருசு என்ற மயில்துத்தமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தது. ஆறாத பழைய புண்களுக்குச் சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது. புதிய கீறலுக்கும் பச்சைக்கும் அது தேவையில்லை.

பச்சைக்கு: படலமா, கழுவிப் பூசுவதா

இப்போது பல கடைகளில் ஒட்டும் மெல்லிய படலம் ஒன்று தருகிறார்கள். நீராவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. மருத்துவமனையில் நாங்கள் நரம்பில் செருகிய ஊசிக்குழாய் மேல் ஒட்டுவதும் அந்த வகைதான். முதல் படலத்தில் ஒரு நாளுக்குள் மை கலந்த நீர் தேங்கும். எடுத்துக் கழுவி, உலர ஒற்றி, இரண்டாவதை ஒட்டினால் மூன்று நான்கு நாள் தாங்கும். உரசலும் இல்லை, பொருக்கும் குறைவு. குளிர்ந்த ஊரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். இங்கே வியர்வையில் ஓரம் தூக்கிக்கொள்கிறது. தூக்கிய இடத்தின் வழியாகத் தண்ணீர் போனால் ஊறல்தான். பசை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சதுரமாகச் சிவக்கும்.

வெயிலிலும் மழையிலும் உழைக்கிறவருக்குப் பழைய முறையே நல்லது. தினம் இரண்டு மூன்று முறை கையால் மென்மையாகக் கழுவி, சுத்தமான தாளால் ஒற்றி எடுத்து, வாசலினைத் தோல் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசுவது. வீட்டுத் துவர்த்தால் (துண்டால்) துடைக்க வேண்டாம். மகன் தடவியதோ ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல. "அத்தை, மூடி வைக்கத்தானே சொல்கிறார்கள்?" என்றான். கனமாகப் பூசினால் அதுவும் ஊறலே.

ஐந்தாறு நாளில் தோல் உரியும். பிய்க்கக்கூடாது, பிய்த்தால் மையும் சேர்ந்து வரும், தழும்பும் விழும். காது குத்திய இடத்தில் சதை தடித்து வளர்ந்தவர்கள் பச்சை குத்துவதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

குறைந்தது இரண்டு மூன்று வாரம், தோல் முழுதும் மூடும்வரை கடலும் அருவியும் குளமும் வேண்டாம். பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர் கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி தாக்கி இறந்ததை 2017-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தது. குடிப்பழக்கமும் சர்க்கரையும் உள்ளவர்கள் இதை இருமுறை படியுங்கள்.

மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். தோல் கட்டப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லையென்றால் சாளையும் நெத்திலியும் தாராளமாகக் கொடுங்கள்.

இவை எல்லாமே சிறு காயத்துக்குத்தான். அண்ணனை முதலில் விரலை மடக்கி நீட்டச் சொன்னேன், நுனியைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்த்தேன். காயம் வாய் பிளந்து நின்றாலோ, பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ அன்றே தையலுக்குப் போக வேண்டும். சிவப்பு பரவுவது, கையில் மேல்நோக்கிச் செந்நிறக் கோடு ஓடுவது, சீழ், காய்ச்சல் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் போங்கள். நாய்க்கடி இந்தக் கணக்கிலேயே வராது: 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே தடுப்பூசிக்கு. மண் பட்ட காயத்துக்கு, டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். அண்ணனுக்குக் கடைசியாக எப்போது போட்டது என்றே நினைவில்லை. மகன்தான் பைக்கில் கூட்டிப்போய்ப் போட்டுவந்தான்.

ஒன்பதாம் நாள் அண்ணன் பிளாஸ்டரைக் கழற்றினார். மஞ்சள் அப்பிய இடத்தில் நூல்போல ஓர் இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பனை மூன்றாம் வாரத்தில் பால் படர்ந்ததுபோல மங்கலாக இருந்து, பிறகு ஓலை ஓலையாகத் தெளிந்தது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு திற்பரப்புக்குப் போனவன், அருவிப் பக்கம் போகாமல் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தானாம்.