இதய மேலறைச் சுவர் ஓட்டைக்கு முப்பரிமாண எக்கோ: என் தங்கைக்குச் செய்த பரிசோதனை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. தண்ணீர்க் குடத்துடன் படியேறும்போது என் தங்கைக்கு மூச்சு வாங்கியதை இரத்தசோகை என்றே பல மாதங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். பிறகு எடுத்த சாதாரண எக்கோவில்தான் (ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை), இதயத்தின் மேலறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் 14 மி.மீ. ஓட்டை இருப்பதும், அதன் வழியே இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் பாய்ந்து வலது அறைகள் விரிந்துவிட்டதும் தெரிந்தன. சிறிய ஓட்டைதான், டிவைஸ் எனும் அடைப்பானை வைத்து மூடிவிடலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அடுத்து நாங்கள் பார்த்த இதய மருத்துவர், உணவுக்குழாய் வழியாக முப்பரிமாண எக்கோ எடுக்காமல் முடிவு சொல்ல மறுத்தார். வடசென்னையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் அதை எடுத்தோம்.

ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தைத் தெளித்து, இலேசான மயக்கம் கொடுத்து, விரல் பருமனுள்ள குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்குகிறார்கள். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் செல்வதால், விலா எலும்போ நுரையீரலோ குறுக்கிடாமல் அந்தச் சுவர் மிக அருகில் தெரிகிறது. அன்று மாலை வரை தங்கைக்குத் தொண்டை கரகரத்தது. வேறு தொந்தரவு இல்லை.

படத்தை மருத்துவர் எனக்குத் திரையில் காட்டியபோதுதான் இதன் அருமை புரிந்தது. கத்தரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டமாகவும் நெடுக்கே நறுக்கினால் நீளமாகவும் தெரிவதைப் போல, சாதாரண எக்கோ ஒரு நேரத்தில் ஒரு வெட்டை மட்டுமே காட்டுகிறது. முப்பரிமாணத்தில் ஓட்டையை இடது மேலறைக்குள் நின்று நேருக்கு நேர் பார்ப்பது போலப் பார்க்க முடிகிறது. எங்களுக்கு 14 மி.மீ. வட்டம் என்று சொல்லப்பட்டது உண்மையில் 21 மி.மீ. நீளமும் 14 மி.மீ. அகலமும் கொண்ட நீள்வட்டம். ஒவ்வொரு துடிப்பிலும் அதன் அளவு மாறுவதால், மிகப் பெரிதாக விரியும் கணத்தில் நிறுத்தி அளந்தார்கள். 14 என்று நம்பி டிவைஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது பிடிப்பில்லாமல் நழுவியிருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அளவைவிட முக்கியமானது சுற்றியுள்ள விளிம்பு. டிவைஸ் என்பது நிட்டினால் எனும் நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவைக் கம்பியில் பின்னிய வலை. குட்டை உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கி, இருபுறமும் தட்டுகளாக விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. கவ்வுவதற்குப் பொதுவாக 5 மி.மீ. விளிம்பாவது வேண்டும் என்கிறார்கள். தங்கைக்குக் கீழ்ப் பெருஞ்சிரைப் பக்கம் 8 மி.மீ. இருந்தது; பெருந்தமனிப் பக்கம் 3 மி.மீ. மட்டுமே. அந்த ஒரு பக்கம் குறைந்தாலும் பலருக்கு டிவைஸ் வைக்கலாம், ஆனால் அது தமனிச் சுவரை உராய்கிறதா என்று பிறகும் கவனிக்க வேண்டும் என்று விளக்கினார்கள். சுவரின் நடுப்பகுதி ஓட்டைக்குத்தான் இந்த வழி பொருந்தும். பெருஞ்சிரை வாயிலிலோ வால்வுகளை ஒட்டியோ இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த அறுவை சிகிச்சையும் மேலறைச் சுவர் ஓட்டையை மூடத்தான்.

மூடிய அன்று, இரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் கேத் லேப் அறையிலும் இதே எக்கோ வழிகாட்டியது. தொடைச் சிரை வழியாக ஏற்றிய 24 மி.மீ. டிவைஸின் இரு தட்டுகளும் சுவரின் இருபுறமும் சரியாக அமர்ந்ததைப் பார்த்து, மெல்ல இழுத்துச் சோதித்த பிறகே விடுவித்தார்கள்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம், அதுவும் பட்டினியில், காக்க வைத்தார்கள். அறிக்கையில் எண்கள் இருந்தன, படங்கள் இல்லை; பதிவை வாங்க இரண்டு முறை அலைந்தேன். கட்டணம் சாதாரண எக்கோவைவிடப் பல மடங்கு. மேலும், கருவியின் கெயினை (திரும்பி வரும் ஒலி அலைகளைப் பெருக்கிக் காட்டும் அளவை) குறைத்து வைத்தால் மெல்லிய சுவரே ஓட்டையைப் போலத் தெரியுமாம். ஆகவே எடுப்பவரின் அனுபவத்தை விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவிலேயே தெளிவாகத் தெரிந்துவிடும் என்பதால், அவர்களுக்கு இது தேவையா என்று முதலில் கேளுங்கள்.

தங்கை இப்போது ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள். ஆறு மாதம் வரை பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். பெருந்தமனி விளிம்பைப் பார்க்க அடுத்த மாதம் மறுபடி எக்கோ. முதல் பதிவையும் கையோடு எடுத்துச் செல்கிறோம்.