சொந்தப் பாடலைப் பதிவு செய்ய: கொழும்பா, வீட்டு அறையா, தம்பலகாமத்துச் சிறு ஸ்ரூடியோவா?

திருகோணமலையில் இருந்துகொண்டு தானே பாட்டெழுதி மெட்டமைக்கும் ஒருவருக்கு மூன்று வழிகள் உண்டு. கொழும்பில் உள்ள பெரிய ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போகலாம், வீட்டிலேயே மடிக்கணினியையும் ஒரு மைக்கையும் வைத்துப் பாடலாம், அல்லது தம்பலகாமம் போன்ற வயற்புறத்து ஊரில் ஒருவர் தம் வீட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கும் சிறு ஸ்ரூடியோவை நாடலாம். மூன்றிலும் பாடியிருக்கிறேன். குரலும் மிருதங்கமும் ஆர்மோனியமுமாக அமைந்த பாட்டு என்றால் மூன்றாவதையே தயங்காமல் சொல்வேன்.

கொழும்புக் கூடங்களின் பலம் அவற்றின் அறையும், பதிவான ஒலிகளை அளவறிந்து சேர்த்துக் கலவை செய்பவரின் காதுமே. ஆனால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய்க் காலையில் இறங்குபவரின் தொண்டை பாடும் நிலையில் இருப்பதில்லை. மணித்தியாலக் கணக்கில் கட்டணம் ஓடுவதால், இரண்டாம் சரணத்தை இன்னொரு முறை பாடினால் நன்றாக வரும் என்று தெரிந்தும் நான் வாய் திறக்காமல் வந்திருக்கிறேன். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே, தாளம் தவறாதிருக்கக் காதில் விழும் கிளிக் ஒலிக்குக் கட்டுப்பட்டு வாசிப்பதே அங்கு வழக்கம். சினிமாப் பாணிப் பாட்டுக்கு அது பொருந்தும். உணர்ச்சிக்கேற்பக் காலம் சற்றே கூடிக் குறையும் நாட்டார் மெட்டின் மூச்சை அது நெரித்துவிடும்.

வீட்டுப் பதிவு மலிவானது. பாட்டு உருவாகும் காலத்தில் மாதிரிப் பதிவுக்கு அதற்கு நிகரில்லை. குறை அறையில் இருக்கிறது. சுவருக்குச் சுவர் 3.4 மீற்றர் உள்ள அறையில் 50 ஹேர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலியும் அதன் மடங்குகளும் பிதுங்கிக் கேட்கும். பலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டை இதற்கு எதுவும் செய்யாது. பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்தினாலாவது மேல் ஒலிகளின் எதிரொலி குறையும்.

தம்பலகாமம், திருகோணமலை நகரத்திலிருந்து 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். நான் போன ஸ்ரூடியோவில் நாள் கணக்கில்தான் கட்டணம். போனதும் பிளேன்டீ வந்தது. அதன் பிறகு ஒரு மணித்தியாலம் எவரும் பதிவைப் பற்றியே பேசவில்லை. மிருதங்கக்காரர் தொப்பி எனப்படும், தாழ்ந்த நாதம் தரும் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பி, தட்டிக் கேட்டு, சிறிது வழித்தெடுத்து, மறுபடி தட்டினார். அது காய்ந்து நாதம் மாறியபோதெல்லாம் பதிவை நிறுத்தி ஈரப்படுத்த அவருக்கு அவகாசம் கிடைத்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே அறையில் வாசித்தோம். ஒருவரின் ஒலி மற்றவரின் மைக்கில் கலந்தது; ஒருவர் பிழைவிட்டால் மூவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏழாவது முறை வந்த பாட்டில் இருந்த உயிர்ப்பை நான் கொழும்பில் ஒருபோதும் பெற்றதில்லை, அதற்காக அந்தச் சிரமத்தை மனமுவந்து ஏற்கலாம்.

ஆனாலும் இறுதிக் கலவையை அங்கேயே முடிக்கச் சொல்லமாட்டேன். சிறிய அறையில் தாழ்ந்த ஒலியை எடைபோடுவது கடினம். ஒவ்வொரு மைக்கின் பதிவையும் எம்பி3 ஆக அல்லாமல் தரம் குறையாத 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாகத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். 5 நிமிடப் பாட்டுக்கு இப்படி 8 தனிப் பதிவுகள் என்றாலும் ஏறத்தாழ 350 மெகாபைட்தான். கொழும்பில் உள்ள கலவையாளருக்கு இணையத்தில் அனுப்பிவிடலாம்.

நாள் குறிக்கும்போது பருவத்தைப் பாருங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வயலில் கத்தும் தவளையின் குரல் பாடுபவரின் குரல் எல்லைக்குள்ளேயே விழுவதால் அதைப் பின்னர் வடிகட்டி நீக்கவும் முடியாது. அறுவடை நாட்களில் இயந்திரத்தின் இரைச்சல் கேட்கும். மே, ஜூன் மாதங்களில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாட முடியுமென்றால், அதிகாலைப் பொழுதைக் கேட்டு வாங்குங்கள்.