மாஸ்க் இல்லாமல் வந்தவரையும் மரியாதையாக நடத்திய மளிகைக்கடை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை மளிகைக்கடை பற்றித்தான் எழுதுகிறேன். பருப்பு, புளி, நல்லெண்ணெய் எல்லாமே தரம், பொன்னி அரிசியில் கல் கிடையாது. ஆனால் அந்த அண்ணாச்சி மேல் எனக்கு மரியாதை வந்தது கொரோனா இரண்டாம் அலையில் கடையை நடத்திய விதத்தால்.

வாசலில் கயிறு, தரையில் சுண்ணாம்பு வட்டம், ஓரமாக ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. யாராவது மாஸ்க் இல்லாமல் வந்தால் "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு சீட்டைக் கொடுங்க" என்று டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார், காசு வாங்கமாட்டார். போடமாட்டேன் என்று அடம்பிடித்தால் சாமான் கிடையாது, எத்தனை வருட வாடிக்கையாக இருந்தாலும் சரி. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே இன்னொரு கடை, பெயர் வேண்டாம். அங்கே மாஸ்க் போடாதவர்களைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள், பலர் கைதட்டினார்கள். அதில் ஒருவர் வீட்டு வேலைக்குப் போகிற அக்கா. மாஸ்க்கின் நாடா அறுந்து கையில் பிடித்திருந்தார், படத்தில் அது தெரியவில்லை. இப்படி அசிங்கப்பட்டவர் நாளைக்குக் காய்ச்சல் வந்தால் வெளியே சொல்வாரா? 2020-ல் சென்னையில் தொற்று வந்த வீடுகளில் ஸ்டிக்கர் ஒட்டி, தகரம் அடித்தபோது, பரிசோதனைக்குப் போகவே பயந்தவர்கள் இருந்தார்கள். உரிய அதிகாரி தனியாக உத்தரவு போட்டால் தவிர நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

கோபம் நியாயம்தான். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா இருக்கும்போது, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒருத்தர் மேலேயே வந்து இருமினால் யாருக்குத்தான் வராது? அதற்கு அபராதம் இருந்தது, 200 ரூபாய், எல்லாருக்கும் ஒன்று, கட்டினால் முடிந்தது. குழுவில் போட்ட படம் முடிவதில்லை, ஃபோன் ஃபோனாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பேர் சொல்லிக் கேட்கத்தான் வேண்டுமென்றால், 2021 தேர்தல் பிரச்சாரத்தில் மாஸ்க் இல்லாமல் கூட்டம் கூட்டிய தலைவர்களைக் கேளுங்கள். அவர்களைப் பார்த்துத்தான் ஊரே கழற்றியது, அவர்களுக்குப் பதில் சொல்ல மைக்கும் இருக்கிறது. அந்த அக்காவுக்கு என்ன இருக்கிறது?

சரி, கடையில் குறை என்றால் டெலிவரி. காலையில் சொன்னால் சாயங்காலம்தான் வரும். ஜிபே உண்டு, ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டியிருக்கும்.