பிள்ளையின் டிக்குக்குப் பல் தட்டா? காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

டிக்குக்கு, அதாவது தன்பாட்டில் வருகிற அசைவுக்கும் சத்தத்துக்கும், பல்லில் மாட்டுகிற தட்டுச் செய்து தருகிற ஒருவர் டவுனில் இருக்கிறார்; போன கிழமை அவரின் வாடகை அறை வாசலில் ஒரு தாய் நின்றா. பக்கத்தில் சின்ன மகள், கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டிக்கொண்டு. வயிறு பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கும் அப்படித்தான் தொடங்கியது. பிறகு தோளை வெட்டி இழுப்பான், ஓயாமல் செருமுவான். நரம்பியல் டொக்டர் பார்த்து, டிக் என்று சொல்லி, அதைத் தணிக்கக் குளோனிடீன் குளிசை எழுதித் தந்தார். அதோடு நின்றிருக்க வேணும். யாரோ சொன்னதைக் கேட்டு மாசியில் இந்த அறைக்குப் போனோம்.

"தங்கச்சி, தாடை நரம்பை அமத்துது. தட்டுப் போட்டா மூண்டு மாசத்தில முழுசா நிண்டிடும். குளிசையை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ" என்றார் தட்டுக்காரர். 85,000 ரூபா. காப்பை அடகு வைத்து முதல் பாதியைக் கட்டினேன். ரசீது என்று தந்த துண்டில் தொகை மட்டும்தான், பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை.

குளோனிடீனைச் சடுதியாக நிறுத்தக்கூடாது, இரத்த அழுத்தம் எகிறும். அது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் இரவு பிள்ளை தலையிடி, நெஞ்சுப் படபடப்பு என்று அழ, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஏப்ரல் விடுமுறையில் டிக் குறைந்தது. தட்டின் வேலை என்று நம்பி மிச்சக் காசையும் கட்டினேன். பள்ளிக்கூடம் தொடங்கிப் புலமைப்பரிசில் வகுப்பும் நெருக்க, முன்னையதைவிட மோசமாகத் திரும்பியது. டிக் ஏறும், இறங்கும். களைப்பிலும் பதற்றத்திலும் கூடும். பெரும்பாலும் 10 முதல் 12 வயதில் உச்சம், பிறகு பலருக்குத் தணியும். இறங்குகிற நேரத்தில் எதைப் போட்டாலும் அதுதான் சுகப்படுத்தியது போலத் தெரியும்.

இரவும் பகலும் தட்டோடு இருந்தவன் ஒருநாள் பிட்டுச் சாப்பிடும்போது, "அம்மா, பின்பல்லு முட்டுதில்லை" என்றான். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கடவாய்ப் பற்களுக்கு நடுவே நூல் போகிற இடைவெளி. தட்டின் கொழுக்கியடியில் முரசு வெள்ளையாய்ப் புண்பட்டிருந்தது.

தட்டால் டிக் குறையும் என்று தட்டுக்காரர் போனில் காட்டிய ஜப்பான் ஆய்வு பொய்யில்லை. 2019இல் ஒசாகாவில் செய்தது, ஆனால் 22 பேரில்தான். அதை வைத்து முழுசாக நிற்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? டிக் வரமுன் உடம்பில் எழும் உந்துதலைப் பிடித்து, மாற்று அசைவால் மறிக்கிற பழக்கப் பயிற்சியை 2010இலேயே அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

இப்போது போன் எடுக்கிறாரில்லை. அங்கே காசு கட்டினவர்கள் ரசீதுத் துண்டைக் கிழிக்காதேங்கோ. இலங்கை மருத்துவ சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன், சேர்ந்து அனுப்பலாம்.