முகாமா, வெளிப்பதிவா?

மணமாகித் தனிக்குடித்தனம் தொடங்கவிருக்கும் இலங்கைத் தமிழ் இளையோர் பலர், ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் போன்ற மறுவாழ்வு முகாம்களிலேயே இருப்பதா, வெளிப்பதிவாகக் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு மதுரை நகரில் வாடகைக்குக் குடியேறுவதா என்று தவிக்கிறார்கள்.

செலவு
முகாம்: வாடகை இல்லை, 2021இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500.
வெளியே: உதவித்தொகை கிடையாது, வாடகையோடு முன்பணமும் புரட்ட வேண்டும்.

வேலை
முகாம்: பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களும் அதிகாரிகள் ஆளெண்ணிப் பார்க்கும் தணிக்கை நாளில் நேரில் நின்றாக வேண்டும்.
வெளியே: வேலைக்கு ஏற்ற இடத்தில் குடியிருக்கலாம்.

உறவு
முகாம்: ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொல்லி அனுப்பாமலே அடுத்த வீட்டு அடுப்பில் தேநீர் கொதிக்கும், சொதியும் இடியப்பமும் ஊர்ப் பேச்சும் பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேரும். எனக்கு இதுவே முகாமின் பெருஞ்செல்வமாகப் படுகிறது.
வெளியே: ஆதார் கேட்கும் வீட்டுக்காரர் அகதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்பார். ஆயினும் தெருவோடு பழகிவிட்டால், சித்திரைத் திருவிழாவுக்கு அவர்களே கூட்டிப் போவார்கள்.

குடியுரிமை
இரண்டும் ஒன்றே. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. இங்கேயே பிறந்தவர்களையும் அகதிகளாக வைத்திருப்பது பெரும் அநீதி.

முதியோரும் கைக்குழந்தையும் உள்ள, கூலி நிலையற்ற குடும்பத்துக்கு முகாமே ஏற்றது. இருவருக்கும் நிரந்தர வருமானமும் நகரில் பிணை நிற்க ஒருவரும் இருந்தால், மறுவாழ்வுத் துறையின் அனுமதியை முறையாகப் பெற்றபின் வெளியே குடியேறலாம்.